தலையில அடிபட்ட ஆளைப் பாத்துக்குறவங்க எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க

எங்க வீட்டுக்காரருக்கு 2019 நவம்பர்ல பைக்குல இருந்து விழுந்து தலையில அடிங்க. கோயமுத்தூர் கணபதியில லேத் பட்டறையில டர்னர் வேலை, செகண்ட் ஷிப்ட் முடிச்சு வர்ற வழியில நாய் குறுக்க ஓடியாந்துச்சு, ஹெல்மெட் தலையில இல்ல, பெட்ரோல் டேங்க் மேல இருந்துச்சு. எண்ணி 41 நாள் ஆஸ்பத்திரி. அப்புறம் பிசியோ, ஓபின்னு வருஷக்கணக்கா அலைஞ்சதுல பெஞ்சுல பக்கத்துல உக்காந்தவங்க எல்லாரும் திரும்பத் திரும்ப இதையேதான் கேட்டாங்க, இப்பவும் யாராவது நம்பர் வாங்கி போன் போடுறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதிடலாம்னுதான் இது. நான் டாக்டர் இல்லீங்க, வீட்டுல டெய்லரிங் பண்றவ. மருந்து மாத்திரை விஷயமெல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான் பண்ணணும்.

ஐசியுல ஜிசிஎஸ் 7ன்னு எழுதியிருக்காங்க, அது நல்லதா கெட்டதா?

ஜிசிஎஸ்ன்னா ஆளுக்கு சுயநினைவு எவ்ளோ இருக்குன்னு பாத்துப் போடுற மார்க்கு. நானும் மொத நாள் 10க்கு 7ன்னு நெனச்சுட்டேன். நல்ல மார்க்குதானேன்னு அத்தைக்கு போன் போட்டு பயப்படாதீங்கன்னு வேற சொல்லிப்போட்டேன். அது 15க்குங்க. அதுவும் சைபர்ல ஆரம்பிக்காது, 3ல ஆரம்பிக்கும், ஒண்ணுமே அசையாத ஆளுக்கும் 3 உண்டு. 1974ல கிளாஸ்கோவுல டீஸ்டேல், ஜென்னட்னு ரெண்டு டாக்டருங்க கொண்டாந்த கணக்கு, கண்ணு தொறக்குறதுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. 13ல இருந்து 15 லேசான அடி, 9ல இருந்து 12 நடுத்தரம், 8ம் அதுக்குக் கீழயும் கடுமையான அடி. ஆனா தொண்டையில ட்யூப் இருந்தா பேச்சுக்கு மார்க் போடவே முடியாது, மயக்க மருந்து ஓடிட்டு இருந்தா மார்க் கம்மியாத்தான் காட்டும், அதனால ஒரு நாள் நம்பரை வச்சு ஜோசியம் பாக்காதீங்க. நேத்து எவ்ளோ இன்னைக்கு எவ்ளோன்னு நோட்டுல எழுதிட்டு வாங்க. கேக்க வேண்டியதையும் அதே நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, டாக்டர் வெளிய வந்து ரெண்டு நிமிஷம்தான் நிப்பாரு, அவரைப் பாத்ததும் நமக்கு எல்லாம் மறந்துபோகும்.

கோமாவும் மூளைச்சாவும் ஒண்ணா?

இல்லவே இல்ல. கோமாவுல மூளை உயிரோட இருக்கு, முழிக்க வாய்ப்பு இருக்கு. மூளைச்சாவுன்னா மூளைத்தண்டே நின்னுபோச்சு, மெஷின்தான் மூச்சு விடுது, அதுல இருந்து யாரும் திரும்ப மாட்டாங்க. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நாலு டாக்டர் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணித்தான் அதை சொல்ல முடியும். 2008ல ஹிதேந்திரன்ங்குற பையனோட உறுப்பை அவங்க அப்பா அம்மா தானம் பண்ணாங்களே, அது மூளைச்சாவு. சொந்தக்காரங்க வார்டு வாசல்ல நின்னு ரெண்டையும் குழப்பிப் பேசுவாங்க, காதுல வாங்காதீங்க.

எப்ப முழிப்பாரு? முழிச்சதும் பேசுவாரா?

கண்ணு தொறந்ததும் பொண்டாட்டி பேரைச் சொல்றதெல்லாம் சினிமாவுலதாங்க. இவரு 12ஆம் நாள் கண்ணைத் தொறந்தாரு, தொறந்து ஃபேனைப் பாத்துட்டே இருந்தாரு, நான் முன்னாடி போய் நின்னா என்னைத் தாண்டிப் பாக்குறாரு. கண்ணு தொறக்குறது வேற, சுயநினைவு வேறன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அப்புறம் ஆளு போற பக்கம் கண்ணு போச்சு, அப்புறம் கையப் புடிங்கன்னு சொன்னா லேசா அமுக்குனாரு, அதுக்கப்புறம்தான் இருக்குற ட்யூபையெல்லாம் புடுங்க ஆரம்பிச்சு, கையை பேண்டேஜ் துணியால கட்டிலோட கட்டிப்போட்டாங்க. அதைப் பாத்து நான் அழுதேன். அங்க இருந்த நர்ஸ் அக்கா ஒருத்தங்கதான் சொன்னாங்க, அம்மா இது முன்னேற்றம், வெறும் ஆளா கெடந்தவர் இப்ப எதிர்க்குறாருன்னு.

பேச ஆரம்பிச்சப்ப இன்னும் வேடிக்கை. வார்டை பட்டறைன்னு நெனச்சுக்கிட்டு, சக்குல ஜாப் அப்படியே இருக்கு கழட்டுன்னு வார்டு பாயைத் திட்டுறாரு. நேத்து பழனிக்குப் போயிட்டு வந்தேன்னு பாக்க வந்தவங்க கிட்ட சொல்றாரு, அவங்களும் நம்பி ரோப் கார் ஓடுச்சான்னு கேக்குறாங்க. அது பொய் இல்லீங்க. புதுசா எதுவும் மனசுல பதியாத காலம் அது, இருக்குற ஓட்டையை மூளையே எதையாவது போட்டு அடைச்சுக்குது. இந்தக் குழப்பம் எத்தனை நாள் நீடிக்குதுங்குறதை டாக்டருங்க முக்கியமாப் பாப்பாங்க, ஏன்னா அது நீள நீள பின்னாடி வர்ற கஷ்டமும் அதிகமா இருக்கும். இவருக்கு அஞ்சு வாரம். அந்த அஞ்சு வாரம் இன்னைக்கும் அவருக்கு ஞாபகம் இல்ல. வாக்குவாதம் பண்ணாதீங்க, ஆமாம்னு கூடச் சேந்து கதையும் கட்டாதீங்க. இன்னைக்கு என்ன தேதி, இது ஆஸ்பத்திரி, நான் இன்னாருன்னு மெதுவா ஒரு தடவை சொல்லிட்டு விட்டுடுங்க. டெய்லி காலண்டரை கண்ணுக்கு நேரா மாட்டி அவரையே தாள் கிழிக்க வைங்க.

மண்டை எலும்பை வயித்துல வச்சிருக்காங்களாமே, நெசமாவா?

ஆமாங்க, நானும் அப்படித்தான் அலறுனேன். மூளை வீங்கும்போது மண்டைக்குள்ள எடம் இல்லாம நசுங்கிடக்கூடாதுன்னு ஒரு பக்க எலும்பை எடுத்துருவாங்க. எடுத்த எலும்பு கெட்டுப்போகாம இருக்க வயித்துத் தோலுக்கு அடியில வச்சுத் தைச்சுருவாங்க, சில ஆஸ்பத்திரியில ஃப்ரீசர்ல வைப்பாங்க. வீக்கம் வத்தி சில மாசம் கழிச்சு திருப்பி வைக்குறதுக்கு தனியா ஒரு ஆபரேஷன். எங்களுக்கு 2020 மார்ச்சுல தேதி குடுத்தாங்க, அந்த வாரமே லாக்டவுன் வந்துருச்சு, ஜூலையிலதான் வச்சாங்க. அதுவரைக்கும் எலும்பு இல்லாத பக்கத்துல அடி படாம இருக்க பட்டறை ஓனர் குடுத்த மஞ்ச கலர் சேஃப்டி ஹெல்மெட். ரோட்டுல போடாத மனுஷன் மாசக்கணக்கா பாத்ரூமுக்கு ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போனாரு.

டிஸ்சார்ஜ் பண்றேங்குறாங்க, வீட்டுல என்ன தயார் பண்ணணும்?

சாமான் வாங்குறதுக்கு முன்னாடி வேலையக் கத்துக்கோங்க. கடைசி ஒரு வாரம் நர்ஸ் பண்ற ஒவ்வொண்ணையும் உங்க கையால ஒரு தடவையாவது பண்ணிப்பாத்துட்டுத்தான் கெளம்பணும். மூக்கு ட்யூப்ல கஞ்சி ஊத்தும்போது தலைப்பக்கம் நல்லா ஒசந்து இருக்கணும், ஊத்துனப்புறமும் ஒரு அரை மணி நேரமாவது படுக்க வைக்கக்கூடாது, இல்லேன்னா நுரையீரலுக்குப் போயி நிமோனியா ஆயிரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் படுக்க வைக்கணும், ராத்திரியும்தான். ஏர்பெட் இருக்குன்னு பொரட்டாம விட்டுடாதீங்க. எங்க வீட்டுல அத்தைக்கும் எனக்கும் ஷிப்ட், நான் 2 மணி அலாரம், அவங்க 4 மணி அலாரம். வாய் வழியா எப்ப குடுக்கலாம்னு விழுங்குறதை சோதிச்சுப் பாத்து அவங்க சொல்ற வரைக்கும், ஒரு வாய் இளநீர்தானேன்னு பாசத்துல குடுத்துறாதீங்க, பாக்க வர்றவங்க எல்லாரும் அதைத்தான் பண்ணப் பாப்பாங்க.

கட்டில், ஏர்பெட், சளி உறிஞ்சுற சக்ஷன் மெஷின் எல்லாம் வாடகைக்கே கெடைக்கும், புதுசு வாங்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி, சிடி ஸ்கேன் ரிப்போர்ட், ஆஸ்பத்திரி ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகல், எஃப்ஐஆர் எல்லாத்தையும் அஞ்சு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க. அஞ்சும் பத்தாது.

ஆளு நல்லாத்தானே இருக்காரு, ஏன் இன்னும் வேலைக்குப் போகல?

இதைக் கேக்குறவங்க பாத்துக்குறவங்க இல்ல, பாக்க வர்றவங்க. ஆனா பாத்துக்குறவங்களுக்கே உள்ளுக்குள்ள இந்தக் கேள்வி இருக்கும், எனக்கும் இருந்துச்சு.

ஒரு வருஷத்துல இவரு நல்லா நடந்தாரு, பேசுனாரு, தலையில முடி வளந்து தழும்பு தெரியல. ஊரே வந்து கடவுள் காப்பாத்திட்டாருன்னு சொல்லிட்டுப் போச்சு. உண்மையில எங்களுக்கு கஷ்டமே அங்கதாங்க ஆரம்பிச்சுது. ஒரு நாள் டீ போடுங்கன்னு சொல்லிட்டு மெஷின்ல உக்காந்துட்டேன். பத்து நிமிஷமாச்சு, சத்தமே இல்ல. போய்ப் பாத்தா பால் பாக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு அடுப்பு முன்னாடி நிக்குறாரு. கத்திரிக்கோலை எடுக்குறாரு, வைக்குறாரு, பாத்திரத்தைப் பாக்குறாரு, அடுப்பைப் பாக்குறாரு. எது மொதல்லன்னு தெரியல. கேட்டா, தெரியும் கண்ணு, ஆனா வரமாட்டேங்குதுங்குறாரு. அன்னைக்கு சாயந்திரம் அவரோட வெர்னியரை, அதான் பட்டறையில ஜாப் அளக்குற கருவியை, பீரோவுல இருந்து எடுத்து சும்மா கையில குடுத்தேன். எவர்சில்வர் டம்ளர் வாயை அளந்தாரு, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாத்துட்டு 72.46ன்னாரு. அடுத்த டம்ளரை அளந்துட்டு, இது ஓவல் ஆயிருச்சு, கீழ போட்டியான்னு கேட்டாரு. போட்டிருந்தேன்.

எனக்கு அன்னைக்குத்தான் வெளங்குச்சு. இருபது வருஷம் கை பழகுன வேலை மூளையில வேற ஒரு எடத்துல பத்திரமா இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகல. எதை மொதல்ல செய்யணும், அடுத்து என்ன, நடுவுல தடங்கல் வந்தா என்ன பண்ணணும்னு திட்டம் போடுற முன்பக்க மூளைதான் அடிபட்டிருக்கு. வெளிய இருந்து பாத்தா அது சோம்பேறித்தனமாத் தெரியும். எங்க கொழுந்தனாரே, அண்ணன் நடிக்கிறாரு அண்ணின்னு எங்கிட்டயே சொன்னாரு. தானா ஒரு வேலையத் தொடங்க முடியாம உக்காந்தே இருக்குறதும் இந்த அடியோட ஒரு பாகம்தான், தொடங்கி விட்டா பண்ணுவாரு. அதனால நாங்க அடுப்புக்கு மேல சுவத்துல எழுதி ஒட்டுனோம், ஒண்ணு பாத்திரத்தை வை, ரெண்டு பாக்கெட்டை வெட்டு, அப்படியே ஏழு வரி. பட்டறையில ஜாப் டிராயிங் பாத்து வேலை செஞ்சவரு, அதனால பட்டுன்னு புடிச்சுக்கிட்டாரு. மூணு மாசம் கழிச்சு அந்தத் தாளைக் கழட்டிட்டோம்.

அசதியும் அப்படித்தான். ஒரு மணி நேரம் கல்யாண மண்டபத்துல மேளம், மைக், நாலு பேரு ஒரே நேரத்துல பேச்சு, முடிஞ்சுது, ரெண்டு நாள் படுக்கை. ஒடம்பு அசதி இல்ல அது, மூளை அசதி. இப்பெல்லாம் முகூர்த்தத்துக்கு முன்னாடியே போய் மொய் எழுதிட்டு வந்துருவோம், கோவிச்சுக்குறவங்க கோவிச்சுக்கட்டும்.

அவரு குணமே மாறிப்போச்சு, கோவம் வந்தா அடிக்க வர்றாரு, என்ன பண்றது?

மூளை அடியைப் பத்திப் படிச்சா எல்லாரும் ஒரு கதை சொல்லுவாங்க. 1848 செப்டம்பர்ல அமெரிக்காவுல வெர்மான்ட்ங்குற எடத்துல ரயில் பாதைக்குப் பாறை வெடிக்க வச்சப்ப, ஃபினியாஸ் கேஜ்னு ஒரு மேஸ்திரி, ஆறு கிலோ இரும்புக் கம்பி கன்னத்து வழியா போயி தலைக்கு மேல வெளிய வந்துருச்சு. ஆளு சாகல. ஆனா பொறுமையான மனுஷன் வாயத் தொறந்தா கெட்ட வார்த்தை பேசுறவரா மாறிட்டாருன்னு சொல்லுவாங்க, அதோட கதையை நிறுத்திருவாங்க. மீதிக் கதை யாரும் சொல்றதில்ல. அவரு அப்புறம் சிலி நாட்டுக்குப் போயி பல வருஷம் ஆறு குதிரை வண்டி ஓட்டிருக்காரு, தினமும் ஒரே நேரம் ஒரே பாதை. அந்த ஒழுங்குதான் அவரை நிமித்திருக்கும்னு இப்ப ஆராய்ச்சி பண்றவங்க சிலர் நெனக்குறாங்க. எனக்கு கம்பி பாதியை விட குதிரை வண்டி பாதிதான் உபயோகமா இருந்துச்சு.

எங்க வீட்டுல ஒரு நாள் பையன் டிவி சத்தமா வச்சான், சோத்துத் தட்டு பறந்து வந்துச்சு. பையனுக்கு அப்ப ஏழு வயசு. கோவத்தைத் தடுக்குற பிரேக்கே தேஞ்சுபோச்சுன்னு வச்சுக்கோங்க, அவரு வேணும்னு பண்ணல, அஞ்சு நிமிஷம் கழிச்சு எதுக்கு அழுவுறீங்கன்னு அவரே கேப்பாரு. நாங்க நோட்டுல எழுதிப் பாத்தோம், எப்ப கோவம் வருதுன்னு. பசி, தூக்கமில்லாத ராத்திரி, சத்தம், ரெண்டு பேரு ஒரே நேரத்துல அட்வைஸ், இந்த நாலுலதான் பாதிக்கு மேல. அதனால சாப்பாடு நேரம் தவறாது, மத்தியானம் கட்டாயத் தூக்கம், பேசுனா ஒருத்தர்தான் பேசணும். கோவம் வந்துட்டா நியாயம் பேசாதீங்க, ஜெயிக்கவும் பாக்காதீங்க, அந்த ரூமை விட்டு வெளிய வந்துருங்க. திடீர்னு அதிகமானா ஒண்ணுக்குப் போற எடத்துல இன்ஃபெக்ஷனான்னும் பாருங்க, வலியைச் சொல்லத் தெரியாதவங்க கோவமாத்தான் காட்டுவாங்க. ஃபிட்ஸுக்குக் குடுக்குற லெவட்டிராசிட்டம் மாத்திரை சில பேருக்கு எரிச்சலைக் கௌப்பும். இவருக்கு டாக்டர் அதை மாத்திக் குடுத்ததுக்கப்புறம் பாதி கொறஞ்சுது, ஆனா நீங்களா நிறுத்திறாதீங்க, ஃபிட்ஸ் வந்துரும்.

அவரு மேல தப்பில்லங்குறதுக்காக நீங்க அடி வாங்கிட்டு இருக்கணும்னு அர்த்தமில்ல. பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லி வச்சிருந்தேன், நான் கதவை ரெண்டு தடவை தட்டுனா பையனைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. சுத்தி, ஸ்பேனர், அருவாமணை எல்லாம் பரண் மேல போச்சு. சைக்கியாட்ரிஸ்ட் கிட்ட போறதுக்கு வெக்கப்படாதீங்க. எங்களுக்கும் சொந்தத்துல ஒருத்தர் ஏர்வாடியில கொண்டுபோய் விட்டுரச் சொன்னாரு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்க ஒரு கொட்டகையில தீப்புடிச்சப்ப சங்கிலியால கட்டி வச்சிருந்த 28 பேரு ஓட முடியாம செத்தாங்க. 2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலி போட்டுக் கட்டவே கூடாது. அந்தச் சொந்தக்காரர்கிட்ட அதை மட்டும் சொல்லிட்டு காபி குடுத்து அனுப்பிட்டேன்.

தனக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொல்றாரே?

வீம்பு இல்லீங்க. குறை இருக்குன்னு உணர்ற பாகமே அடிபட்டிருக்கலாம், அதுக்குன்னு டாக்டருங்க ஒரு பேரே வச்சிருக்காங்க. நீங்க லிஸ்ட் போட்டு நிரூபிக்கப் போனா சண்டைதான் மிச்சம். இவரு பைக் சாவி கேட்டு தினம் ஒரு ரகளை. டாக்டர் எழுதித் தந்தா தர்றேன்னு சொல்லிட்டேன், வில்லன் நான் இல்ல டாக்டர்னு ஆயிருச்சு. வண்டி விஷயத்துல மட்டும் வளைஞ்சு குடுக்காதீங்க, ஃபிட்ஸ் வந்த ஆளு டாக்டர் சரின்னு சொல்லாம வண்டி எடுக்கவே கூடாது, ஓட்டுறவரோட முடியுற விஷயம் இல்ல அது.

ஃபிட்ஸ் வந்தா கையில இரும்புச் சாவி குடுக்கணுமா?

வேண்டாங்க. சாவியும் வேண்டாம், வாயில ஸ்பூனும் வேண்டாம், கையக் காலை அமுக்கியும் புடிக்காதீங்க. பக்கத்துல இருக்குற கூர்மையான சாமானை நகத்திட்டு, தலைக்கு அடியில துணி வச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு கடிகாரத்தைப் பாருங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நிக்கும், அப்பத்தான் சாவி குடுத்தவங்க அந்தச் சாவியாலதான் நின்னுச்சும்பாங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுனாலோ, நினைவு வராம அடுத்தது வந்தாலோ 108. முழுசா தெளியுற வரைக்கும் தண்ணி கூட குடுக்காதீங்க. அடிபட்டு ஒரு வருஷம் கழிச்சுக் கூட மொத ஃபிட்ஸ் வரும், இவருக்கு 14ஆம் மாசம் வந்துச்சு. ஒரு சொட்டு சரக்கு கூடக் கூடாது.

இன்னொண்ணும் சேத்துச் சொல்லிர்றேன். நல்லா தேறிட்டு வந்த ஆளு திடீர்னு மந்தமாகி, நடை தடுமாறி, ஒண்ணுக்கு தெரியாமப் போக ஆரம்பிச்சா மூளையில நீர் கோத்திருக்கலாம், உடனே ஸ்கேன் எடுங்க. அடிபட்டா அப்படித்தான் இருக்கும்னு வீட்டுல வச்சுக்கிட்டு இருக்காதீங்க.

ஆறு மாசத்துக்கு மேல முன்னேற்றமே இருக்காதாமே? எங்க காட்டலாம்?

வேகமான முன்னேற்றம் மொத ஆறு மாசத்துலங்குறது சரி. அதோட கதவை சாத்திருவாங்கங்குறது தப்பு, ரெண்டு வருஷம் தாண்டியும் மெதுவா வரும். டீக் கதை நடந்தது ஒரு வருஷத்துக்கு மேல ஆனப்புறம்தான். பிசியோன்னா கை காலுக்கு மட்டும்னு நெனக்காதீங்க. குளிக்குறது, சட்டை போடுறது, காசு எண்ணுறதுக்கு ஆக்குபேஷனல் தெரபின்னு இருக்கு, பேச்சுக்கும் விழுங்குறதுக்கும் ஸ்பீச் தெரபி. பேச்சே வராத சில பேருக்கு பாட்டு வரும், ஒண்ணு ரெண்டு எண்ண வரும், திட்டவும் வரும், அதைப் பாத்து பேசத் தெரிஞ்சுக்கிட்டே பேச மாட்டேங்குறாருன்னு நெனச்சுராதீங்க.

வேலூர் சிஎம்சியோட மறுவாழ்வு மையம் பாகாயத்துல இருக்கு, 1966ல ஆரம்பிச்சது. அதை உண்டாக்குன டாக்டர் மேரி வர்கீஸ் தானே 1954ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்து, வீல்சேர்ல உக்காந்தே ஆபரேஷன் பண்ணவங்க. சென்னையில கே.கே.நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு. ஞாபகம், கவனம், திட்டம் போடுறதுக்கான பயிற்சிக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ், மூளை நரம்புக்கும் மனநலத்துக்கும் இருக்குற ஆஸ்பத்திரி. இவ்ளோ தூரம் போக முடியாதவங்க மக்களைத் தேடி மருத்துவத்துல கேளுங்க, 2021ல இருந்து வீட்டுக்கே வந்து பிசியோ பண்றாங்க, உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுத்தாப் போதும்.

மந்திரிக்குறது, கோவில்ல தங்குறது இதெல்லாம் பண்ணலாமா?

அத்தை குணசீலம் பெருமாள் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஒரே புடிவாதம், போனோம். தப்பே இல்ல, அங்க உக்காந்து அவங்க அழுத அழுகையில அவங்க பாரம் கொஞ்சம் எறங்குச்சு. மாத்திரைப் பையை மட்டும் நான் மறக்காம எடுத்துட்டுப் போனேன். மாத்திரையை நிறுத்துனாத்தான் வேலை செய்யும்னு எவன் சொன்னாலும் அங்க இருந்து எந்திரிச்சு வந்துருங்க. மூளைக்கு எண்ணெய், தலைக்குத் தடவ பச்சிலைன்னு ஒருத்தர் 18 ஆயிரம் கேட்டாரு, எலும்பே இல்லாத தலையில தேய்க்கவாம்.

காசுக்கு என்ன வழி?

விபத்து நடந்த மொத 48 மணி நேரத்துக்கு அரசு செலவு ஏத்துக்குற இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர்லதான் வந்துச்சு, எங்களுக்கு அது இல்ல. இப்ப நடந்தா ஆஸ்பத்திரியில மொதல்ல அதைக் கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவங்க இன்னைக்கே எடுத்து வைங்க, அடிபட்டப்புறம் ஓடுனா நாய் படாத பாடு, நான் பட்டிருக்கேன். இன்னொரு வண்டி மோதி நடந்திருந்தா மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துல கேஸ் போடணும், ஆறு மாசத்துக்குள்ள போடச் சொல்லுது புதுச் சட்டம், ஆளு தேறட்டும்னு காத்திருக்காதீங்க. எங்களுக்கு நாய், அதனால யாரு மேல போடுறது.

மாற்றுத்திறனாளி சான்றுலதான் பெரிய கோளாறு. 2016 சட்டத்துல 21 வகை ஊனம் இருக்கு, பார்க்கின்சன் பேரு சொல்லி இருக்கு, மூளை அடின்னு தனியா ஒரு வகை இல்ல. அதனால கை கால் பலவீனம், பேச்சு, மனநலம்னு எது எது பொருந்துதோ அதுலதான் சதவீதம் போடுவாங்க. டாக்டர் கேட்டா இவரு கையக் காலைத் தூக்கிக் காட்டுவாரு, தேதி சொல்லுவாரு, நல்லாத்தானே இருக்காருன்னு மொத தடவை ஒரு எடத்துல கம்மியாப் போட்டு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை நான் சைக்காலஜிஸ்ட் டெஸ்ட் ரிப்போர்ட்டும், அந்த நோட்டும் கொண்டுபோனேன். யுடிஐடிங்குற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்தப்புறம் சலுகை எதுக்கும் அதைத்தான் காட்டிக் கேக்கணும். கடுமையா பாதிச்சவங்களுக்கு மாசம் 2000 உதவித்தொகை இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளி நல அலுவலகத்துல கேளுங்க. பேங்க் கணக்கு அவரு பேர்ல மட்டும் இருந்து ஆளு நினைவில்லாம கெடந்தா கார்டியன் நியமிக்க ஹைகோர்ட்டுக்குப் போற நெலமை கூட வரும், அதனால நல்லா இருக்கும்போதே ஜாயிண்ட் அக்கவுண்டா மாத்திக்கோங்க. இதைப் படிக்குற எல்லாருக்கும்தான் சொல்றேன்.

புள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்றது?

உண்மையை. அப்பாவுக்கு மூளையில அடி, கால் ஒடஞ்சா நொண்டுற மாதிரி இது கோவமா வருது, நீ பண்ண தப்பு எதுவும் இல்லன்னு சொன்னேன். கட்டு எங்க போட்டிருக்குன்னு கேட்டான். உள்ளன்னேன். ஒரு வாரம் கழிச்சு ஸ்கூல்ல அப்பா படம் வரையச் சொன்னதுக்கு தலைக்குள்ள ஒரு பிளாஸ்திரி போட்டு வரைஞ்சிருந்தான்.

புருஷன் பொண்டாட்டி உறவு?

இதை எல்லாரும் ஓரமாக் கூட்டிட்டுப் போயி காதுலதான் கேப்பாங்க. சில பேருக்கு ஆசையே போயிரும், சில பேருக்கு எடம் காலம் தெரியாம அதிகமாகும், ரெண்டும் அடியாலயும் வரும், மாத்திரையாலயும் வரும், டாக்டர்கிட்ட வாயத் தொறந்து கேக்கலாம். அதை விடக் கஷ்டம், ஊட்டி விட்டு, கழுவி விட்டு, மூணு வருஷம் புள்ளை மாதிரி பாத்த ஆளை மறுபடி புருஷனாப் பாக்குறது. எனக்கு இன்னும் முழுசா வரல. வேணாம்னு தோணுச்சுன்னா வேணாம்னு சொல்லலாம், அதுல பாவம் ஒண்ணும் இல்ல.

நீங்க எப்படித்தான் தாங்குறீங்க?

தாங்கல, பல நாளு. மாடியில துணி காயப்போடும்போதுதான் அழுவேன், அங்கதான் யாரும் வரமாட்டாங்க. ஒருத்தரு செத்துட்டா பதினாறாம் நாள் காரியம் இருக்கு, ஊரு வருது, ஒப்பாரி வைக்கலாம், ஒரு கணக்கு முடியும். இங்க ஆளு முன்னாடி உக்காந்து சோறு சாப்புடுறாரு, ஆனா நான் கட்டிக்கிட்ட மனுஷன் அவரு இல்ல, அவருக்காக அழுதா அபசகுனம்பாங்க. பாலின் பாஸ்னு ஒரு அமெரிக்க அம்மா இதுக்கு முடிவு தெரியாத இழப்புங்குற மாதிரி ஒரு பேரு வச்சிருக்காங்கன்னு நிம்ஹான்ஸ்ல ஒரு மேடம் சொன்னாங்க. பேரு இருக்குன்னு தெரிஞ்சதே எனக்கு அரை மருந்து, நான் மட்டும் கெட்டவ இல்லன்னு தோணுச்சு.

வாரத்துல ஒரு நாள் மத்தியானம் அத்தைகிட்ட விட்டுட்டு மூணு மணி நேரம் எங்கயாவது போயிருவேன், பெரும்பாலும் டவுன்ஹால் பக்கம் லைனிங் துணி வாங்க. மொத தடவை குற்றமா இருந்துச்சு, இப்ப இல்ல. ஒதவி வேணுமான்னு கேக்குறவங்ககிட்ட பரவால்லன்னு சொல்லாதீங்க. செவ்வாக்கிழமை பையனை ட்யூஷன்ல விடுங்க, மாத்திரை வாங்கிட்டு வாங்கன்னு வேலையா எடுத்துக் குடுங்க, சும்மா கேட்டவங்க கழண்டுக்குவாங்க, நெசமாக் கேட்டவங்க நிப்பாங்க. எங்களுக்கு நின்னது கொழுந்தனார், ஆமா, நடிக்கிறாருன்னு சொன்ன அதே ஆளுதான்.

இப்ப அவரு எப்படி இருக்காரு?

லேத்துல நிக்க டாக்டர் விடல, ஓடுற மெஷின் பக்கத்துல ஃபிட்ஸ் வந்தா என்ன ஆவுறது. கூட வேலை பாத்தவரு சொந்தமா சின்ன பட்டறை போட்டிருக்காரு, காலையில மூணு மணி நேரம் அங்க செக்கிங், முடிஞ்ச ஜாப்பை அளந்து பாத்து நல்லது ஒரு டிரே, ரிஜெக்ட் ஒரு டிரே. ஒரே வேலை, ஒரே நேரம், 250 ரூபா. மத்தியானத்துக்கு மேல முடியாது, படுத்துருவாரு. கோவம் வரும், மொதல்ல மாதிரி இல்ல. மாமனார் திதிக்கு அழ வேண்டிய நேரத்துல சிரிச்சுப்போட்டாரு, எல்லாரும் பாத்தாங்க, பரவால்ல.

போன வாரம் ஒரு ஜாக்கெட்டுக்கு கை வெட்டி தச்சு வச்சிருந்தேன். டீ குடிச்சுக்கிட்டே அதைப் பாத்துட்டு இருந்தவரு, எடது கை ஒரு நூல் கம்மியா இருக்கு கண்ணுன்னாரு. டேப் வச்சுப் பாத்தேன். கம்மிதான். பிரிச்சுத் தச்சேன்.